ஜாகா சொன்னதும் நான் சொன்னதும்

ஒரு மனிதர் தமிழில் சொன்ன உண்மையை நான் ஆங்கிலத்தில் பொய்யாக மாற்றிச் சொன்னேன். அதனால் அவருடைய வேலை போயிற்று. வேலையோடு கொடுத்திருந்த வீடும் போயிற்று. அப்போது எனக்கு இருபத்தொரு வயது. இப்போது எழுபத்தாறு. இடையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கிள்ளானில் வழக்கறிஞராக இருந்தேன். பொய்ச்சாட்சி சொன்ன பலரைக் கூண்டில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டு மடக்கியிருக்கிறேன். என்னை மடக்க ஆளில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நடந்தது இதுதான்.

கோலாலம்பூரில் நான் படித்த பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய மண்டபம் உண்டு. பட்டமளிப்பு, விருந்து, நாடகம் எல்லாம் அங்கேதான் நடக்கும். தமிழ் மாணவர் சங்கத்துக்கு அந்த வருடம் நான் செயலாளர். ஆண்டு நாடகம் ஒரு ராஜா கதை. ஏழு மணிக்குத் திரை விலக வேண்டும். நான்கு மணிக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆனால் ராஜா வேடம் போட வேண்டியவன் முகத்தில் பவுடர் தொட மாட்டேன் என்றான். மேடையில் சூடம் காட்டி, தேங்காய் உடைத்த பிறகுதான் அரிதாரம் பூசுவானாம். செந்தூலில் ரயில் பட்டறைக் குடியிருப்பில், கோயில் திருவிழா நாடகங்களில் நடித்து வளர்ந்தவன் அவன். அங்கே அதுதான் வழக்கம். பூஜை போடாமல் மேடை ஏறினால் வசனம் மறந்துபோகும் என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம், தத்துவம் படித்துக்கொண்டிருந்தவன் உட்பட.

மண்டபத்துக்குள் நெருப்பு கூடாது என்று சுவரில் பலகை மாட்டியிருந்தது. சாவி ஜாகாவிடம் இருந்தது. காவலாளியை இங்கே ஜாகா என்போம். நாற்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. கத்தோலிக்கர், ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி வைத்துத் தேய்த்து அணிந்துகொண்டு, மனைவி மகளோடு பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயிலுக்குப் போவார். நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புப் பையன் என்பதால் என்னிடம் கொஞ்சம் கூடுதல் உரிமை.

"தம்பி, சாமி கும்பிடறது நல்லதுதான். ஆனா வெளிய படிக்கட்டுல கொளுத்துங்க. மேடையில வேணாம், மரத்தரை," என்றார்.

"சரி அண்ணே," என்றேன்.

பின்பக்க ஜன்னல்களைத் திறக்க அவர் போனார். நான் மேடையிலேயே வெற்றிலை வைத்து, அதன்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினேன். ஆம், கொளுத்தியது நான்தான். வியர்வையில் மேக்கப் கரையாமல் இருக்க யாரோ ஒரு பெரிய மின்விசிறியைத் திருப்பி வைத்தார்கள். எரிகிற சூடம் வெற்றிலையோடு வழுக்கிப் போய்த் திரைச்சீலையின் ஓரத்தில் விழுந்தது. வெல்வெட்டுத் துணி. நாங்கள் கத்தினோமே தவிர ஒருவனும் கையை நீட்டவில்லை. ஜாகாதான் ஓடி வந்தார். திரையைப் பிடித்து இழுத்துக் கிழித்துத் தரையில் போட்டு, வெறும் கையால் அடித்து அணைத்தார். தரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கரி பிடித்தது. அவருடைய உள்ளங்கைகள் இரண்டும் வெந்து போயின.

அவர் மருந்தகத்துக்குப் போனார். நாங்கள் கரியின்மேல் ஜமுக்காளத்தை விரித்து, ஏழு மணிக்கு நாடகத்தைத் தொடங்கினோம். நல்ல கைதட்டல்.

திங்கட்கிழமை விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர்; நடுவில் ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர். நெருப்பு எப்படி வந்தது என்று அவர்களுக்கு அதுவரை தெரியாது. என்னைச் செயலாளர் என்ற முறையில் அழைத்திருந்தார்கள். உண்மை தெரிந்தால் சங்கத்தைக் கலைப்பார்கள், என்னையும் வெளியே அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்கள் தெருவில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்.

கைகளில் கட்டோடு ஜாகா வந்தார். பேராசிரியர் கேள்வி கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எனக்குப் பாசார்ல பேசற மலாய்தான் வரும். இங்கிலீஷ்ல நீங்களே சொல்லுங்க," என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "நாடகத்துக்கு முன்னாடி சூடம் கொளுத்தினாங்க. வெளிய கொளுத்தச் சொன்னேன், உள்ளயே கொளுத்திட்டாங்க. சின்னப் பசங்க, சாமி கும்பிட்டாங்க, பெரிசா எடுத்துக்காதீங்க. பக்கத்துல நிக்காம ஜன்னல் தொறக்கப் போனது என் தப்பு. அதுக்கு மன்னிச்சுக்குங்க."

என்ன சொல்கிறார் என்று பேராசிரியர் என்னைக் கேட்டார்.

மேடையில் உட்கார்ந்து புகைபிடித்ததாகவும், அப்படியே கண் அயர்ந்துவிட்டதாகவும், தீயைத் தானே அணைத்ததாகவும், அதற்காக 'சாரி' என்றும் சொல்கிறார் என்றேன்.

அந்தச் 'சாரி' ஒன்றுதான் ஜாகாவுக்குப் புரிந்த சொல். அவரும் மன்னிப்புக் கேட்டிருந்தார் அல்லவா? பேராசிரியரைப் பார்த்துத் தலையாட்டினார். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் அதை ஒப்புதலாக எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு வாரத்தில் ஊழியர் குடியிருப்பின் வாசலில் லோரி நின்றது. நான் வேறு வழியாகப் போயிருக்கலாம்; நேரம் போதவில்லை. அவர் கூப்பிட்டார்.

"தம்பி, நான் சொன்னதை அப்படியேதானே சொன்னீங்க?"

"அப்படியேதான் அண்ணே."

"அப்ப அவங்க நம்பலை போல," என்றார்.

அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி. அந்த ஆண்டே அதே மேடையில், சரிப்படுத்தாமல் விட்டிருந்த அந்தக் கரியைத் தாண்டி நடந்து பட்டம் வாங்கினேன். பிறகு லண்டன், சட்டம், கிள்ளானில் அலுவலகம், கல்யாணம், பிள்ளைகள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் எழுந்து நிற்கும்போதெல்லாம் மேசையில் இருக்கும் காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிடுவேன். அந்தப் பழக்கத்துக்குக் காரணம் கேட்ட என் மனைவியிடமும் சொல்லவில்லை. அவளும் போய்விட்டாள்.

இந்த வருடம் மண்டபத்தைப் பழுதுபார்த்து முடித்திருந்தார்கள். பாரம்பரியக் கட்டடமாக அறிவித்துவிட்டார்களாம். அது என்னைவிட வயதில் சின்னது. திறப்பு விழாவுக்கு முன்பே பழைய மாணவர்கள் வந்து சுற்றிப்பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. ஏன் போனேன் என்று கேட்டால் நேர்மையான பதில் இதுதான்: ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி யாருக்கும் நினைவிருக்காது என்ற தைரியம்.

பதினைந்து கிழங்கள் கூடியிருந்தோம். எங்களுக்கு வழிகாட்டி சுபாங் ஜெயாவிலிருந்து வரும் மூன்றாம் ஆண்டு மாணவி, தமிழ்ப் பெண். எல்லோருக்கும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, நான் தமிழன் என்று கண்டு எனக்கு மட்டும் தமிழிலும் ஒரு வரி சேர்த்துக்கொண்டே வந்தாள். நான்கு வருடம் அந்தக் கட்டடத்தில் பழகியும் எனக்குத் தெரியாதவை எத்தனை. கூரை உண்மையில் இரண்டு கூரையாம். இடையில் ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவு இடைவெளி, வெயிலின் சூடு அங்கேயே நின்றுவிடும். தரையின் மெர்பாவ் மரப்பலகைகளில் ஆணியே இல்லை. மூங்கில் சாரத்தில் வரிசையாக நின்று, கான்கிரீட் சட்டியைக் கைமாற்றி மேலே ஏற்றியவர்கள் பெண்கள். சீனப் பெண்கள் ஒரு வரிசை, தமிழ்ப் பெண்கள் ஒரு வரிசை. அந்தப் புகைப்படத்தைக் காட்டினாள். தலையில் துண்டு கட்டிய ஒருத்தி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் வெள்ளம் வந்த ஆண்டில் வீடிழந்தவர்கள் இங்கேதான் படுத்தார்களாம். ஒரு குழந்தைகூட இங்கே பிறந்திருக்கிறது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இது என் மண்டபம் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு மேடைக்கு ஏற்றினாள். கரி அப்படியே இருந்தது. சுற்றிலும் ஒரு சின்ன பித்தளைக் கம்பி.

"இதை வேணும்னுதான் விட்டு வெச்சிருக்காங்க," என்று தொடங்கினாள். ஒரு காலத்தில் இங்கே ஒரு ஜாகா இருந்தாராம். பெரிய குடிகாரராம். ஒருநாள் மேடையில் குடித்துவிட்டுச் சுருட்டோடு தூங்கிப்போய், மண்டபத்தையே கொளுத்தப் பார்த்தாராம். இன்றைக்கும் சிலசமயம் சுருட்டு வாடை வருமாம். பரீட்சைக்கு முதல்நாள் வந்து இந்தக் கரியைத் தொட்டால் பாஸாம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்காக அவள் தமிழில் சேர்த்தாள்: "பயப்படாதீங்க அங்கிள். அந்த ஜாகா தமிழாள்தான். நம்மள ஒண்ணும் செய்ய மாட்டாரு லா."

நான் சொன்னது புகை. குடியை யார் சேர்த்தார்கள், சுருட்டை யார் சேர்த்தார்கள், ஆவியை யார் சேர்த்தார்கள்? ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு, என் பொய் என்னை எதிர்பார்க்காமல் வளர்ந்து பெரிதாகி, பித்தளைக் கம்பிக்குள் நின்றுகொண்டிருந்தது.

"அவர் குடிக்க மாட்டார்," என்றேன்.

"ஓ, அங்கிளுக்கு அவரைத் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

எழுபத்தாறு வயதிலும் வாய் அதைத்தான் சொன்னது.

"அப்டியா. போர்டுலயும் இப்படித்தான் போடப் போறாங்க அங்கிள்," என்றாள். "எழுதி முடிச்சாச்சு. மூணு வாரத்துல ஓப்பனிங்."

சுவரில் ஏறிவிட்டால் அவர் என்றென்றைக்கும் குடிகாரர். படிக்கட்டில் இறங்கும்போது எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். மூன்று வாரம்.

மறுநாள் காலை, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தொடங்கினேன். நடந்ததை எண்ணிட்ட பத்திகளாக எழுதி, சத்தியப் பிரமாணமாக்கி, கிள்ளான் கடைத்தெருவில் இருக்கும் பிரமாண அதிகாரியிடம் கையெழுத்துப் போடப் போனேன். என்னிடம் தொழில் பழகியவர்களோடு வளர்ந்த ஆள். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பாஸ், இது கேஸா?"

"கேஸ்தான்."

"நீங்க யாரு பக்கம்?"

"நான் ஆஜராகலை. நான்தான் குத்தவாளி."

அவர் முத்திரை குத்தினார். வழக்கமாக ஒரு பகிடி சொல்லுவார், அன்றைக்குச் சொல்லவில்லை.

பல்கலைக்கழகத்தின் பாரம்பரியப் பிரிவு அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, கவனமானவர். பத்திரத்தை இரண்டு முறை படித்தார். பழைய விசாரணைக் குறிப்பை எடுத்துவரச் செய்தார். அதில் 'மாணவர் சங்கச் செயலாளரின் மொழிபெயர்ப்பு வழியாக' என்ற வரியின்கீழ் என் இளவயதுக் கையெழுத்து இருந்தது. ஆனால் அவருக்கு ஒரு சங்கடம். நான் அன்று பொய் சொன்னேனா, இன்று சொல்கிறேனா என்று எப்படி முடிவுசெய்வது? வயதான ஒருவரின் சொல்லை மட்டும் வைத்து, பலகையின் வாசகத்தை முடிவுசெய்த குழுவிடம் அதை மாற்றச் சொல்ல முடியாது. அதோடு, அந்தக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் அவர் பெயரை எப்படிப் போடுவது? மலாயில் மெதுவாகத்தான் கேட்டார். நான் நீதிபதியாக இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த வயதான ஆன்டி, நான் விவரம் சொல்லி முடிப்பதற்குள் கையமர்த்தினார்.

"யுனிவர்சிட்டி ஜாகா வூடா? அவரு போய்ப் பல வருசமாச்சே. செந்தூல்ல இருந்தாங்க. மக இருக்கு, கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆயிடுச்சு. இப்ப கிள்ளான்ல."

அவர் எழுதித் தந்த முகவரியைப் பார்த்தேன். என் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். முப்பது வருடமாக ஒரே பாசாரில் மீன் வாங்கியிருக்கிறோம்.

அறுபத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. தலை நிறைய நரை, நர்ஸ்களுக்கே உரிய நேர் முதுகு. இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். நான் வெயிலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபத்தில் அந்தப் பெண்ணிடம் சொன்ன 'கேள்விப்பட்டிருக்கேன்' வரை. அந்த அம்மா உள்ளே போய்விட்டார். முடிந்தது என்று காருக்குத் திரும்பினேன்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார். கதவைத் திறந்து அதை வெளியே வைத்துவிட்டு, மறுபடி பூட்டினார்.

"உக்காருங்க. முழங்கால் தாங்கலைன்னு நடையிலயே தெரியுது. ஆனா உள்ள கூப்பிட மாட்டேன்."

உட்கார்ந்தேன்.

"எங்கப்பா சாகற வரைக்கும் என்ன சொன்னாரு தெரியுமா? 'அந்தத் தம்பி சரியாத்தான் சொன்னாரு. வெள்ளைக்காரன்தான் நம்பலை.' நாங்க குடும்பமா உக்காந்து ஐம்பது வருசமா அந்த வெள்ளைக்காரனைத் திட்டிக்கிட்டு இருந்தோம், அங்கிள். பாவம் அந்த ஆளு."

"வலது கையை அவரால முழுசா மடக்க முடியலை. பத்து வயசுல நான்தான் கட்டு மாத்துவேன். நான் நர்ஸ் ஆனதுக்கு அதுதான் காரணம்னு எல்லாரும் பெருமையாச் சொல்லுவாங்க. இப்ப உங்களுக்கு நன்றி சொல்லணுமா?"

"வேண்டாம்மா."

"மூணு தடவை பொய் சொன்னேன்னு சொன்னீங்க. எங்க கோயில்ல ஒருத்தர் சுரூபம் இருக்கு, அவரும் ஆண்டவரைத் தெரியாதுன்னு மூணு தடவை பொய் சொன்னவர்தான். அவரு கையில மோட்சத்துச் சாவியைக் குடுத்து வெச்சிருக்காங்க. உங்களுக்கு என்னத்தைக் குடுக்கறது?"

"ஒன்றும் வேண்டாம். அப்பா பெயரைச் சுவரில் ஒழுங்காக எழுத வைக்க வேண்டும். அதற்கு உங்கள் உதவி வேண்டும். நான் சொன்னால் மட்டும் போதாது என்கிறார்கள்."

"போதாதுதான்," என்றார். மீண்டும் உள்ளே போய், பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து கம்பிகளுக்கு இடையே ஒரு காகிதத்தை நீட்டினார்.

ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த மனுவின் கார்பன் பிரதி. அப்போதெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் கடைகளின் முன்னால், அஞ்சடியில், தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்து மனு எழுதித் தருகிறவர்கள் இருந்தார்கள். வேலை போன மறுவாரம் ஜாகா அங்கே போய் இதை எழுத வைத்திருக்கிறார். சூடம், வெற்றிலை, மின்விசிறி, திரை, தான் வெளியே கொளுத்தச் சொன்னது, ஜன்னல் திறக்கப் போனது என்று ஒன்று விடாமல் இருந்தது. கடைசிப் பத்தியில், 'மாணவச் செயலாளர் விசாரணையில் இதை உண்மையாக எடுத்துரைத்தார். அவரைக் கேட்டால் தெரியும்' என்றிருந்தது. மேலே அலுவலகம் பெற்றுக்கொண்ட தேதி முத்திரை. பதில் வரவே இல்லையாம். யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுதேன். அதைச் சொல்லாமல் விட்டால் இன்னொரு பொய். ஆனால் அழுதுகொண்டிருந்தபோதே எனக்குள் இருந்த வழக்கறிஞன் விழித்துக்கொண்டான். என் பிரமாணத்தை எழுதியபோது நான் இந்த மனுவைப் பார்த்ததில்லை. ஐம்பது வருட இடைவெளியில் எழுதிய இரண்டு பத்திரங்கள், ஒன்றை ஒன்று பார்க்காமல், மின்விசிறி வரை ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. இதைவிட நல்ல சாட்சியம் என் வாழ்நாளில் என் கைக்கு வந்ததில்லை.

"அம்மா, நாம் ஜெயித்துவிட்டோம்," என்றேன்.

"'நாம்' இல்லை," என்றார் அந்த அம்மா. "எங்கப்பா. நீங்க டிரைவர். செவ்வாய்க்கிழமை காலையில வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

செவ்வாய்க்கிழமை குழுவின் முன்னால் உட்கார்ந்தோம். ஐந்து பேர். ஆவிக்கதை மாணவர்களுக்குப் பிடித்திருக்கிறதே என்று ஒருவர் முனகினார். தமிழில் பேச விரும்பினால் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்யலாமா என்று அதிகாரி மரியாதையாகக் கேட்டார். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு, இவரா? வேணவே வேணாம்," என்றார். அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். முனகியவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு ஆங்கிலத்திலும் மலாயிலும் மாறி மாறி, நோயாளியின் குறிப்பை அடுத்த ஷிஃப்டுக்குப் படித்துக் காட்டுவது போல, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னார். கடைசியில் மூன்று கோரிக்கை. குடி, சுருட்டு, ஆவி மூன்றும் போக வேண்டும். தீயை அணைத்தவர் அவர் அப்பா என்று பெயரோடு இருக்க வேண்டும். பொய் சொன்னவர் பெயரும் இருக்க வேண்டும்.

மூன்றாவதில் அதிகாரி தயங்கினார். உயிரோடு இருக்கிற ஒருவர், ஒரு மூத்த வழக்கறிஞர், வீண் சிக்கல் வருமோ என்றார். பெயரைப் போட எனக்குச் சம்மதம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டேன். விசாரணைக் குறிப்பில் இருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தோம். இருபது நிமிடத்தில் அதிகாரி வந்து கதவைத் திறந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். எழுதி வைத்திருந்த பலகை ரத்து. புதிய வாசகத்தை அவரே பார்த்து ஒப்புதல் தரலாம். அதோடு இன்னொன்றும் சொன்னார்: திறப்பு விழா அன்று மண்டபத்தின் கதவைத் திறக்க ஒரு பிரமுகரைத் தேடிக்கொண்டிருந்தார்களாம், இனித் தேட வேண்டாம் என்று குழு நினைக்கிறதாம்.

காரில் திரும்பும்போது, சுங்கச்சாவடியில் அந்த அம்மா கைப்பையைத் திறந்து, "பஸ் வாடகைக்கு எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.

செய்தி பரவியது. சங்கத்து நண்பர்கள் சிலர் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். ராஜா வேடம் போட்டவன் இப்போது ஷா ஆலமில் இருக்கிறான். அவன் மட்டும் கூப்பிட்டுக் கத்தினான்.

"செத்தவருக்கு என்னடா தெரியப் போவுது? எதுக்கு இந்த வயசுல அசிங்கம்?"

"அவருக்குத் தெரியாது. அவர் மகளுக்குத் தெரியும்," என்றேன். வைத்துவிட்டான்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை காலை. பஸ் வந்து நின்றதும் நான் எண்ணினேன்: முப்பத்தொரு பேர். செந்தூலிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஷா ஆலமிலிருந்தும் வந்த அந்த அம்மாவின் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், கைக்குழந்தை ஒன்று. எல்லோரும் கோயிலுக்குப் போகிற உடையில். அந்த அம்மா நீலப் பட்டுப்புடவை கட்டியிருந்தார். துணைவேந்தர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். இரண்டு கைகளாலும் அந்தப் பெரிய கதவுகளைத் தள்ளித் திறந்துகொண்டு அவர் முதலில் உள்ளே நடந்தார். பின்னால் குடும்பம் மொத்தமும். உள்ளே இருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். அந்த மண்டபத்தில் நான் வாங்கிய கைதட்டல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இது அதைவிடப் பெரியது, நெடியது, உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

சுவரில் மும்மொழியில் இருந்தது. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. "பொஸ்தகத்துல வேணாம், சுவத்துல இருந்தா போதும்," என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். வெறும் கைகளால் தீயை அணைத்து இந்த மண்டபத்தைக் காப்பாற்றியவர் என்று இருக்கிறது. அதன்கீழே, அவருடைய வாக்குமூலத்தை மாற்றிச் சொன்னவன் என்று என் பெயர். சுபாங் ஜெயாப் பெண்தான் அன்றும் வழிகாட்டி. ஒவ்வொரு குழுவையும் அந்த இடத்தில் நிறுத்திச் சரியான கதையைச் சொன்னாள். மூன்றாவது குழுவின் பின்வரிசையில் ராஜா வேடக்காரன் தடியூன்றி நிற்பதைப் பார்த்தேன். என்னிடம் வரவில்லை. அந்த அம்மாவிடம் போய்க் கைகூப்பினான்.

பகல் சாப்பாட்டுக்குக் குடும்பம் பிரிக்பீல்ட்ஸ் போயிற்று. நான் காருக்கு நடந்தேன். பஸ் படியில் நின்று அந்த அம்மா குரல் கொடுத்தார்.

"அங்கிள், மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லலை. ஆனா சாப்பிடாம போகாதீங்க."

வாழையிலைச் சாப்பாட்டுக்கடை. ஐந்து மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். எனக்கு எதிரில் உட்கார்ந்த ஷா ஆலம் மருமகள் என்னை அடையாளம் தெரியாமல் அந்த அம்மாவிடம், "அத்தே, இந்த அங்கிள் யாரு, யுனிவர்சிட்டி ஆளா?" என்று கேட்டாள்.

"இவருதான் தாத்தாவைப் பத்திப் பொய் சொன்னவரு," என்றார் அந்த அம்மா. "இப்ப உண்மையைச் சொன்னவரும் இவருதான். சோறு காயுது பாரு, ரசம் ஊத்தச் சொல்லு அவருக்கு."

யாரோ சிரித்தார்கள். ரச வாளி மேசையின் அந்தக் கோடியிலிருந்து கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது.